இடது பக்கத்துக் கிராஸ்

பந்து மறுபடியும் அந்தக் கோடிக்குப் போய்விட்டது, இனி இரண்டு நிமிஷத்துக்காவது இந்தப் பக்கம் திரும்பாது, இம்மானுவேல் பெனால்டி ஏரியாவின் விளிம்புவரை நடந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றான். கோல் கீப்பர் என்றால் பாய்கிற வேலை என்று கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், பாய்வதெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மேட்சுக்கு அரை நிமிஷம் தேறாது, மிச்ச நேரம் முழுக்க நிற்பதுதான், முப்பத்தைந்து வயதுக்கு அவன் நின்ற நேரத்தைச் சேர்த்தால் வருஷக்கணக்கில் வரும், நிற்கும்போது மனசு சும்மா இருக்காது, அதைக் கட்டிப்போடத்தான் கத்திக்கொண்டே இருப்பது, லைன் ஏத்து, ஆளப் புடி, பின்னாடி பாரு என்று. இன்றைக்குக் கத்தவும் வாய் வரவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒன்றுக்குப் பூஜ்யம். இப்படியே முடிந்தால் டீம் மேல் டிவிஷனுக்குப் போகும், டிரா ஆனால்கூடப் போகாது, அது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் பெஞ்சில் ஒருத்தனும் உட்காரவில்லை, எல்லாரும் கோட்டோரம் நின்றபடி நகம் கடிக்கிறார்கள். மே மாதத்து வெயில். இடது பக்கக் கேலரியின் தகரக் கூரைக்கு மேலே சூரியன் இன்னும் நன்றாக ஏறித்தான் இருந்தது, அந்தப் பக்கம் பார்க்காதே, பந்து அங்கே போகும்போது மட்டும் பார்த்தால் போதும், ஆனால் பந்து அங்கே போகும்போதுதானே பார்க்க முடியவில்லை, அதைத்தானே கோச் காலையில் சொன்னார், அப்படிச் சொல்லவில்லை, கோச் சொன்னது வேறு, ரொம்பச் சாதாரணமாக, இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கை கழுவுகிற இடத்தில் அவனை ஓரமாக நிறுத்தி, "இம்மானுவேல், லெஃப்ட்ல இருந்து வர்ற கிராஸுக்கு இன்னிக்கு நீ வெளிய வர வேண்டாம். லைன்லயே நின்னுக்கோ. தணிகாசலம் பாத்துக்குவான்." அவ்வளவுதான். அவனும் சரி கோச் என்றான். சட்னி எடுத்துக்கொண்டான். பெஞ்சில் போய் உட்கார்ந்து முதல் வாயைப் போட்ட பிறகுதான் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கியது. லெஃப்ட்ல இருந்து. ஏன் லெஃப்ட்? ரைட்டில் இருந்து வந்தால் வெளியே வரலாமா? கோச் வேணுகோபாலுக்கு லெஃப்ட் என்று எப்படித் தெரியும்? உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் அது தெரியும், எஸ்தருக்குக்கூடத் தெரியாது, கட்டின பெண்டாட்டிக்கே சொல்லாததை அவன் ஒருத்தனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

அந்த ஒருத்தன் இதோ இருபது கஜத்துக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நாலாம் நம்பர். தணிகாசலம். கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் பேக், கேப்டன், அவனுக்குப் பதினோரு வயதிலிருந்து தோழன். இந்த முதுகை அவன் எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எஸ்தரின் முகத்தைவிட இந்த முதுகைத்தான் அதிகமாகப் பார்த்திருப்பான், வியர்வை முதலில் எந்த இடத்தில் சட்டையை நனைக்கும், ஓடப்போகும் முன் எந்தத் தோள் தாழும் எல்லாம் தெரியும். பின்னந்தலையில் முடிக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. ஏழு தையல். அது அவன் போட்டது. கோயமுத்தூர் மேட்ச், ஜனவரி மாதம், இடது ஓரத்திலிருந்து கோல் முன்னால் உயரமாக ஒரு கிராஸ் வந்தது, கீப்பர் என்று கத்திக்கொண்டே வெளியே வந்து குத்தினான், குத்து பந்தில் படவில்லை, தணிகாசலத்தின் மண்டையில் பட்டது, அவன் அப்படியே மடிந்து விழுந்தான், புல்லில் ரத்தம். பெரிய ஆட்டங்களில் நடப்பதுதான் என்றார்கள் எல்லாரும். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், தலையில் கட்டோடு தணி உட்கார்ந்திருக்க, இம்மானுவேலுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கோழிக்கோட்டில் ஒருத்தன் பூட்ஸ் முகத்தில் பட்டது ஞாபகம் இருக்கா, அதிலேர்ந்து இடது கண்ணில் ஒரு மாதிரி, நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது, நடுவில் ஒரு அழுக்கு அப்பின மாதிரி, டாக்டர் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில் சுருக்கம் விழுந்திருக்கு என்கிறார், ரெண்டு கண்ணாலும் பார்த்தால் ஒண்ணும் தெரியாது, ஆனால் முகத்தை நேரா வச்சுக்கிட்டு கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினால் வலது கண்ணுக்கு மூக்கு குறுக்கே வந்துடுது, அப்ப இந்தக் கண்ணு மட்டும்தான், பந்து உச்சிக்கு ஏறும்போது ஒரு நொடி காணாமப் போயிடுது தணி. தணி அவன் தொடையில் கைவைத்து, "எவன்கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்" என்றான். நான் பாத்துக்கறேன். தணிகாசலம் பாத்துக்குவான். இரண்டும் ஒரே வார்த்தை, இந்த வாயிலிருந்து அந்த வாய்க்குப் போய், அங்கிருந்து இட்லித் தட்டோடு தன்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

வேறு யாராவது சொல்லியிருக்கலாம். டாக்டர்? அவர் எழும்பூரில் ஒரு சின்ன கிளினிக், அவனை ஃபுட்பால்காரன் என்றே அவருக்குத் தெரியாது. கோச்சே கண்டுபிடித்திருக்கலாம், வீடியோ போட்டுப் பார்க்கிற ஆள், ஐந்து கோலில் நாலு இடது பக்கமிருந்து வந்தால் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும். ஆமாம், அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் என்று முதல் பாதி முழுக்க அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஆனால் தணி காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் எப்போதும் பக்கத்துப் பக்கத்து ஆணியில்தான் சட்டையை மாட்டுவார்கள், இன்றைக்கு தணி எதிர்ச் சுவருக்குப் போனான். அதுவும் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அங்கே ஃபேன் இருந்தது. ஃபேனுக்குக் கீழே போனான். மனுஷன் ஃபேனுக்குக் கீழே போகக் கூடாதா? வியாசர்பாடி கிரவுண்டில் ஃபேன் ஏது, செங்கல்லை வைத்து போஸ்ட் கட்டின நாட்கள் அவை, கீப்பராக எவனும் நிற்க மாட்டான், எல்லாருக்கும் கோல் போடணும், ஒருநாள் ஒரு டோர்னமெண்டுக்குப் போன இடத்தில் கீப்பர் வரவில்லை, தணிதான் அவனைப் பிடித்துத் தள்ளினான், "மானு, நீ நில்லுடா. நான் முன்னாடி நிக்கறேன், ஒரு பாலும் உன்கிட்ட வராது." வந்தது. நாலு வந்தது. மூன்றை விட்டான். ஒன்றைப் பிடித்தான். பிடித்த அந்த ஒரு பந்து, நெஞ்சில் வந்து மோதி, கைகளுக்குள் தானாக அடங்கின விதம், ஒரு கோழியைத் தூக்கி அணைத்த மாதிரி அதன் சூடு, அதற்குப் பிறகு வேறு எந்த இடத்திலும் நிற்க அவனுக்கு இஷ்டமில்லை. எல்லாரும் ஓடுகிற ஒரு ஆட்டத்தில் ஒருத்தன் மட்டும் நிற்கிறான், எல்லாரும் காலால் தொடுகிறதை ஒருத்தன் மட்டும் கையால் தொடுகிறான். அவன் மகள் ஏழு வயதில் முதன்முதலாக மேட்ச் பார்க்க வந்தபோது, "எல்லாரும் நீலச் சட்டை போட்டுக்கினு இருக்காங்க, உன்ன மட்டும் ஏன்பா சேத்துக்கல?" என்று கேட்டாள். எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அவனும் சிரித்தான். சேத்துக்கல.

பந்து வருகிறது, நடுக் கோட்டைத் தாண்டிவிட்டது, எதிரணியின் ஒன்பதாம் நம்பர் தூரத்திலிருந்தே அடித்துப் பார்த்தான், நேராக வந்தது, நேராக வந்தால் பிரச்சினை இல்லை, இரண்டு கண்ணுக்கும் நடுவே உருண்டு வருகிற பந்து, குனிந்து மார்போடு அள்ளிக்கொண்டான். கேலரியில் கொஞ்சம் கைத்தட்டல். பந்தை மூன்று அடி உருட்டி தணிக்குத்தான் போட்டிருக்க வேண்டும், தணி அகலமாக விலகிக் கையை நீட்டிக் கேட்டான், "மானு!" இம்மானுவேல் கேட்காத மாதிரி தூரமாக உதைத்துவிட்டான். உதைத்த பிறகு உடம்பெல்லாம் ஒரு சூடு. சின்னப் பிள்ளைத்தனம். ஆனாலும் தணி திரும்பி அவனை ஒருமுறை பார்த்தான், அந்தப் பார்வையில் என்ன என்று ஒரு கேள்வி இல்லை, என்ன என்று கேட்காதவனுக்கு என்ன என்று தெரிந்திருக்கிறது. அப்போது நிச்சயமாயிற்று. வயிற்றில் ஒரு கல் இறங்கி உட்கார்ந்தது. இளம் கீப்பர் அஃப்சலுக்குப் புதன்கிழமை பிராக்டிஸில் விரல் எலும்பு விட்டுப்போகவில்லை என்றால் இன்றைக்கு இந்த கிளவுஸை அவனே போட்டிருப்பான், இம்மானுவேல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், கோச் எதுவும் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது, சீசன் முடிந்ததும் ஒரு பூங்கொத்து, ஒரு போட்டோ, இளைஞர்களுக்கு வழிவிடுகிறார் என்று நாலு வரி, அவனும் கடைசிவரை நம்பியிருப்பான். ஒரு விரல் ஒடிந்ததால் உண்மை வெளியே வந்தது. கோச் காலையில் இன்னொன்றும் சொன்னார், போகிற போக்கில், "அடுத்த வருஷம் தணி என்கூட பெஞ்ச்ல இருப்பான், அசிஸ்டெண்ட் கோச்சா. உனக்கும் சந்தோஷமா இருக்கும்ல?" அப்போது அது வேறு செய்தி. இப்போது இரண்டு செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றன, ஒட்டாதே, ஒட்டாதே என்று அவன் நடுவில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

அந்த வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு வந்த வேலை. அரசாங்க ஆபீஸ் டீம் ஒன்றில் கீப்பர் வேண்டும் என்றார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர உத்தியோகம், காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு பிராக்டிஸுக்குப் போகலாம், அறுபது வயதுவரை கவலையில்லை, அப்பா உயிரோடு இருந்தார், லோடு தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போன மனுஷன், அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முறையாகப் பிள்ளைக்கு எழுந்து நின்று கைகொடுத்தார். தணிக்கு அங்கே இடம் இல்லை. தணி பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து, "நீ போய்ட்டா என் பின்னாடி யார்ரா நிப்பாங்க? கிளப்புக்குப் போலாம்டா, ரெண்டு பேரையும் எடுத்துக்கறாங்க" என்றான். அவன் போகவில்லை. அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்பா ஒரு மாதம் பேசவில்லை. தணிக்காக விட்டேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான், எஸ்தரிடம், மச்சான்மாரிடம், சும்மா பழகினவர்களிடம்கூட, சொல்லிச் சொல்லி அது உறுதியான சேதியாகிவிட்டது, ஆனால் வெயிலில் தனியாக நிற்கும்போது ஒரு சின்னக் குரல் கேட்கும், தணிக்காகவா விட்டாய், ஃபைல் தூக்கப் பயந்துதானே, பெரிய மைதானத்தில் நிற்க ஆசைப்பட்டுத்தானே. இருக்கலாம். இருந்தாலும் தணி கேட்டானே. கேட்டது நிஜம்தானே. கிளப்புக்கு வந்தார்கள், இரண்டு பேரும் இரண்டு வருஷம் கல்கத்தாவில் ஆடினார்கள், சேற்று மைதானம், தோற்றால் செருப்பு பறந்து வரும், ஒருமுறை ஒரு செங்கல் துண்டு போஸ்டில் பட்டுத் தெறித்தபோது தணி ஓடி வந்து அவனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான், கேலரியைப் பார்த்துத் தமிழில் கெட்ட வார்த்தையில் திட்டினான், அங்கே எவனுக்கும் புரியவில்லை. இந்தியா கேம்புக்கு அவனை ஒருமுறை கூப்பிட்டார்கள், இருபத்திரண்டு நாள், மூன்றாவது கீப்பராக, திருப்பி அனுப்பிவிட்டார்கள், சென்ட்ரலில் வந்து இறங்கியபோது பிளாட்பாரத்தில் தணி மட்டும் நின்றிருந்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போனான். அவன்தான். அதே ஆள்தான். அதே ஆள் எப்படி அப்புறம் கோச்சின் அறைக் கதவைத் தட்டினான், உள்ளே போய் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான், எந்த வார்த்தையில் ஆரம்பித்தான்? சார், மானுவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மானு என்று சொன்னானா, இம்மானுவேல் என்று சொன்னானா? அந்த ஒரு விஷயம் தெரிந்தால்கூடப் போதும் போல இருந்தது.

ரெஃப்ரி விசில் ஊதினார், தண்ணீர் குடிக்க இடைவேளை, இந்த வெயிலில் எழுபதாவது நிமிஷம் கட்டாயம். எல்லாரும் கோட்டோரம் கோச்சை நோக்கி ஓடினார்கள். இம்மானுவேலின் பாட்டில் போஸ்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அவன் அங்கேயே போனான். பின்னாலேயே தணி வந்தான், வந்து வலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான், "இன்னாடா, ஏன் பேச மாட்ற? பாலும் குடுக்க மாட்ற." இம்மானுவேல் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினான். "லெஃப்ட்ல வர்ற கிராஸுக்கு வெளிய வராதன்னாரு கோச்." தணி வலையின் கண்ணியில் விரலை நுழைத்து நுழைத்து எடுத்தான். "நீதான சொன்ன?" என்றான் இம்மானுவேல். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இருபது நிமிஷம் தாங்கினால் போதும், மேட்ச் முடிந்ததும் வேண்டுமானால் உண்மையைச் சொல். "ஆமா" என்றான் தணி. "மானு, அன்னிக்கி என் மண்ட. நாளைக்கி எவன் மண்டயோ. உன் கண்ணே போயிருந்தா? இன்னொரு உத அதே எடத்துல வாங்கினா அவ்ளோதான்னு நீதான சொன்ன? நான் தூங்கலடா." குரல் உண்மையாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. "என்கிட்ட சொல்லிருக்கலாமே. போய் சொல்லப்போறன்னு." "சொன்னா விட்டிருப்பியா?" விட்டிருக்க மாட்டான். "எப்ப சொன்ன?" "போன மாசம்." "அந்த அசிஸ்டெண்ட் வேல எப்ப குடுத்தாங்க?" தணி விரலை வலையிலிருந்து எடுத்துவிட்டான். கோட்டோரத்திலிருந்து கோச் இருவரையும் கையை ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. "எப்பன்னு கேட்டேன்." "அதே வாரம்" என்றான் தணி. பிறகு அவசரமாக, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மானு. சாமி சத்தியமா. அவரே கூப்ட்டு கேட்டாரு, டீமப் பத்தி பேசினாரு, ஒவ்வொருத்தனப் பத்தியும் கேட்டாரு…" "நீ சொன்ன." "கேட்டாருடா." "சரி." விசில் அடித்தது. தணி குனிந்து சாக்ஸை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினான்.

கேட்டாருடா. கேட்டால் சொல்லிவிட வேண்டுமா? கேட்டார், இவன் சொன்னான், அவர் வேலை கொடுத்தார், நடுவில் எத்தனை நிமிஷம் இருந்திருக்கும், காபி வந்திருக்குமா, தன் கண்ணைப் பற்றிப் பேசும்போது இவர்கள் காபி குடித்திருப்பார்கள். இப்படி யோசிக்காதே. பந்து வலது பக்கம் போகிறது, வலது பக்கம் நல்லது, பார், ஆளைப் பார், "ரைட் மூடு! மூடுடா!" என்று கத்தினான், குரல் கிறீச்சிட்டது. எண்பதாவது நிமிஷம் தாண்டியிருக்கும், எதிரணிக்காரர்கள் எல்லாரும் இப்போது மேலேறி வருகிறார்கள், அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. திங்கட்கிழமை என்ன செய்வது? திங்கட்கிழமை காலையில் ஐந்தரைக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும், பிராக்டிஸ் பை கதவுக்குப் பின்னால் தொங்கும், எஸ்தர் ஏன் கிளம்பலையா என்பாள், அவளிடம் கண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், தணியிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை என்பாள், சரியாகத்தான் கேட்பாள், அவளுக்கு நான் செய்தது என்ன, அதற்கு என்ன பெயர்? அதைத் தள்ளி வை. அதைப் பிறகு பார்க்கலாம். கீப்பருக்கு வேறு என்ன தெரியும், நிற்கத் தெரியும், கை விரல் பத்தில் ஆறு நேராக நீளாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அதற்கும் சர்ட்டிபிகேட் கேட்பார்கள். பிடித்த பந்து ஒன்றுகூட ஞாபகமில்லை, விட்ட கோல் எல்லாம் ஞாபகமிருக்கிறது, கட்டாக்கில் கால் நடுவே போனது, பெங்களூரில் கடைசி நிமிஷம், மழையில் கை வழுக்கினது, படுத்தால் வரிசையாக வருகிறது. ஒருமுறையாவது, எந்தக் கோலுக்காவது, தணி திரும்பி அவனைத் திட்டியிருக்கிறானா? இல்லை. மற்றவர்கள் கையை விரிப்பார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். தணி வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து நடுவுக்கு உதைப்பான். அவ்வளவுதான். அந்த மாதிரி ஒருத்தன். அவனுடைய குரலுக்கு மட்டும் தணி திரும்பிப் பார்க்காமல் அடிபணிவான், அதுதான் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே ஒப்பந்தம், கீப்பர் என்று இம்மானுவேல் கத்தினால் தணி தலையைத் தாழ்த்திக்கொள்வான், பந்து எங்கே என்று பார்க்க மாட்டான், கோயமுத்தூரில் மண்டை பிளந்தபோதும் அப்படித் தாழ்த்தின தலையில்தான் குத்து விழுந்தது. அந்தத் தையலுக்குப் பிறகும், அடுத்த மேட்சில், கீப்பர் என்று கத்தியபோது தாழ்த்தினான். இம்மானுவேல் அன்றைக்கு அறையில் தனியாக அழுதான். இப்போதும் தாழ்த்துவானா?

அந்த நினைப்பு வந்த நேரத்தில்தான் எதிரணியின் ரைட் விங் இடது பக்கக் கோட்டோரம் ஓடி வந்தான், லெஃப்ட் பேக் சறுக்கி விழுந்துவிட்டான், தடுக்க ஆளில்லை. எதிரில் வருகிறவர்களையும் விடாமல் இம்மானுவேல் கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினான். தகரக் கூரை, சூரியன், வளைந்து நெளிகிற கோட்டோரம், பந்தை அவன் அடித்தது தெரிந்தது, கால் பட்ட சத்தம்கூடக் கேட்டது, பந்து ஏறியது, ஏறிக்கொண்டே போய் உச்சியில் அந்த அழுக்குக்குள் நுழைந்தது. இல்லை. எங்கும் இல்லை. வானம் மட்டும் இருந்தது. லைன்லயே நின்னுக்கோ என்று கோச் சொன்னார். நிற்கத்தான் வேண்டும். கால் நிற்கவில்லை, உடம்பு வெளியே வந்துவிட்டது, பந்து எங்கே வருகிறது என்று தெரியாமலே அவன் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு கத்தினான், "கீப்பர்!" தெரிந்தே கத்தினான். பந்து தெரியவில்லை என்பது தெரிந்தே கத்தினான். முன்னால் நாலாம் நம்பர் முதுகு, அதன் தோள், அந்த வெள்ளைக் கோடு. தாழ்த்து. தணி, தாழ்த்து. ஒரு நொடி தோள் தயங்கியது, இத்தனை வருஷப் பழக்கம் கழுத்தைக் கீழே இழுத்ததை அவன் கண்ணால் பார்த்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தணி எம்பினான், தலையை உயர்த்தி, முழு உடம்பும் வில்லாக வளைந்து, இம்மானுவேலின் நீட்டிய கைகளுக்கு ஒரு முழம் தள்ளி, அவன் நினைத்த இடத்திலேயே இல்லாத பந்தைத் தலையால் மோதி வெளியே அனுப்பினான். பின்னால் எதிரணியின் ஒன்பதாம் நம்பர் காலை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தான். பந்து கோட்டைத் தாண்டி த்ரோவுக்குப் போயிற்று. இம்மானுவேலின் கை இரண்டும் காற்றைப் பிடித்திருந்தன. கேலரி முழுக்க எழுந்து தணி தணி என்று கூவியது. தணி கூவலைக் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான், பின்பக்கம் திரும்பவில்லை.

மிச்சமிருந்த நிமிஷங்களில் பந்து அவன் பக்கம் வரவேயில்லை. மூன்று விசில். பெஞ்சிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள், ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தார்கள், கோச் வேணுகோபால் சட்டை நனைய யாரையோ கட்டிப்பிடித்து அழுதார், அஃப்சல் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினான், அவனிடமும் வந்து, "அண்ணே, மேல போய்ட்டோம்ணே!" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். இம்மானுவேல் தலையாட்டினான். கும்பலைப் பிரித்துக்கொண்டு தணி வந்தான். தலையில் யாரோ ஊற்றின தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றான். "மானு, அந்த பால நீ பாத்தியா?" "இல்ல." "பின்ன ஏன்டா கத்தின?" "நீ தலைய எறக்குறியான்னு பாத்தேன்." தணிக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "எறக்கிருந்தா கோல்டா." "ஆமா." "எல்லாம் போயிருக்கும். பதினெட்டு பேரு, ஒரு வருஷம்." "ஆமா." சொல்லும்போது இம்மானுவேலுக்குத் தன்மேல் அருவருப்பாகத்தான் இருந்தது, எல்லாரையும் ஒரு கூவலில் சூதாடிப் பார்த்தவன் தான்தான், தணி செய்தது சரி, இன்றைக்குச் செய்ததும் சரி, போன மாதம் செய்ததும் ஒருவேளை சரிதான், ஆனால் சரி என்று தெரிந்தவுடன் கல் கரையும் என்று எதிர்பார்த்தான், கரையவில்லை, இன்னும் கொஞ்சம் கனத்தது. தணி கையை நீட்டினான், தோளைத் தொட. இம்மானுவேல் பின்னால் நகர்ந்தான். கோபமில்லாமல், ரொம்ப மெதுவாக, மற்றவர் காதில் விழாதபடி சொன்னான்: "நீ பண்ணது சரிதான் தணி. எவன் கேட்டாலும் அப்டிதான் சொல்லுவேன். ஆனா இனிமே என் வூட்டுக்கு வராத." தணியின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பின்னாலிருந்து நாலைந்து பேர் வந்து அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள், தோள்களுக்கு மேலே அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மேட்ச் முடிந்தால் கீப்பரும் கீப்பரும் கைகொடுத்துக்கொள்வது வழக்கம். ஒருத்தர் மட்டுமே மைதானம் முழுக்க நடக்க வேண்டியிருக்கும், ஜெயித்தவர்தான் போக வேண்டும். இம்மானுவேல் நடந்தான். நடுவட்டத்தைத் தாண்டும்போது யாரோ முதுகில் தட்டினார்கள், யாரென்று பார்க்கவில்லை. அந்தக் கோடியில் எதிரணியின் கீப்பர் போஸ்டில் சாய்ந்து புல்லில் உட்கார்ந்திருந்தான், நாமக்கல் பக்கத்து ஆள், முட்டியெல்லாம் சிராய்ப்பு, முழங்கைவரை மண், கண் சிவந்திருந்தது. இம்மானுவேல் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தூரத்தில் நடக்கிற கூத்தைப் பார்த்தார்கள். பிறகு அந்த ஆள் இவன் சட்டையை, கையை, மண் ஒட்டாத முட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கு இன்னைக்கு வேலையே இல்லைங்ணா."

"இல்லப்பா" என்றான் இம்மானுவேல். "இனிமே இல்ல."